வலைக்காரியின் மடியில் இலைக்குட்டி

தஹாபோ எனக்கு மனைவியாக வந்திருக்க வேண்டியவள். வந்திருந்தால் உன் கதி என்னவாகியிருக்கும், பரிசா என்று கூட்டாளிகள் என் பேரைச் சொல்லிக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன. கென்யாவில் தானா ஆற்றுக்கும் கலானா ஆற்றுக்கும் நடுவில் மாடு மேய்க்கிற எங்கள் ஓர்மா ஜனத்தில் அவளைப் போலக் கண்ணும் வாயும் உள்ள பெண் அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. இதை என் மனைவி பக்கத்தில் இருக்கும்போதே ஒரு தடவை சொல்லித் தொலைத்தேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை.

கல்யாணம் பேசி முடித்தாயிற்று. பெண் வீட்டுக்குப் போகவேண்டிய மாடுகளை அப்பா தனியாகப் பிரித்து நிறுத்திவிட்டார். காப்பிக்கொட்டையும் புகையிலையும் சர்க்கரையும் போய்ச் சேர்ந்துவிட்டன. அதற்கப்புறம்தான் என் அம்மா ஹவோ பெண்ணைப் பார்க்கப் போனாள். பெண்ணின் அப்பா கலானாப் பக்கத்து மேய்ச்சலிலேயே காலம் தள்ளியவர், எங்கள் வீட்டுக்கும் அவர்களுக்கும் பழக்கமில்லை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். அம்மா போனாள், உட்கார்ந்தாள், தேநீர் குடித்தாள், பெண் எப்போது பிறந்தவள் என்று பேச்சுவாக்கில் கேட்டாள். மாடெல்லாம் மாண்டுபோன அந்தப் பெரிய வறட்சியில் ஆற்றோர முகாமில் பிறந்தவள் என்றும், பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள் என்றும், பேர்கூடத் தெரியாத ஒரு புண்ணியவதி பால் கொடுத்துக் காப்பாற்றினாள் என்றும் பெண்ணின் அத்தை சொன்னாள். அம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்தப் புண்ணியவதி என் அம்மாதான். எனக்குப் பின்னால் பிறந்த பெண்குழந்தை அந்த வறட்சியில் இறந்துபோனது. மாரில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் கிடந்த அம்மா, பக்கத்துக் குடிசையில் அழுத குழந்தையை எடுத்து வைத்துக்கொண்டாள். மறு மழை வந்ததும் அவரவர் மாட்டை ஓட்டிக்கொண்டு அவரவர் திசையில் போய்விட்டார்கள்.

எங்கள் இஸ்லாம் மார்க்கத்தில் ஒரே மார்பில் பால் குடித்தவர்கள் உடன்பிறந்தவர்கள். அவர்களுக்குள் கல்யாணம் என்கிற பேச்சே கிடையாது. எனக்கு அது தெரியாதா என்ன, தெரியும். ஆனாலும் அம்மாவை விடவில்லை.

"நல்லா யோசிச்சுப் பாரும்மா. அஞ்சு தடவ வயிறார குடிச்சாத்தானே உறவு? நாலு தடவையா இருக்கலாம்ல?"

"நாலா? ஒரு மழையிலேருந்து அடுத்த மழ வரைக்கும் என் மார்லயே கெடந்தாடா அவ. நாலாம்."

பெரியவர்கள் கூடும் குடைவேல மரத்தடிக்குப் போனேன். சபைக்குத் தலைவர் அப்போதும் கல்கலோதான். ஆள் அதிகம் பேசமாட்டார், பேசினால் அதோடு முடிந்தது. நான் வழக்காடினேன். இருபது வயது, உடம்பெல்லாம் ஆத்திரம்.

"வயித்துல சுமந்தாளா? ரத்தம் குடுத்தாளா? பாலு என்ன அப்படிப் பெரிய உறவு? ஆட்டுப்பால் குடிச்சு வளந்தவன் ஆட்டுக்கு அண்ணனா?"

சபை முழுக்கச் சிரித்தது. கல்கலோ மட்டும் சிரிக்கவில்லை.

"பேசிட்டியா? மாட்ட ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ," என்றார்.

அடுத்த வாரம் கிணற்றடியில் தஹாபோவைப் பார்த்தேன். அவள் அப்பாவின் மந்தை தண்ணீருக்கு வந்திருந்தது. தலை குனிவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்றெல்லாம் நான் எதிர்பார்த்தேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லு. மாடு வருது."

அண்ணே. அந்த ஒரு சொல்லில் என் வயிறு எரிந்தது. அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும், பத்துப் பேர் நடுவில் வேண்டுமென்றே சத்தமாக, அண்ணே அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். நான் ஒரு நாளும் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவளும் வேறு இடத்தில் வாழ்க்கைப்பட்டாள், நானும் கட்டிக்கொண்டேன், இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் பிறந்தார்கள். சொல்லின் எரிச்சல் மட்டும் அப்படியே கிடந்தது.

பிறகு எங்கள் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியை, மாட்டுக்கும் காட்டு விலங்குக்கும் சேர்த்துக் காப்பகமாக ஒதுக்கினோம். நிலம் எங்களுடையது, சபை சொல்லாமல் அங்கிருந்து ஒரு முயலைக்கூட வெளியே கொண்டுபோக முடியாது. தஹாபோ காவல் குழுவுக்குத் தலைவியானாள். யாரும் ஆக்கவில்லை, அவளே ஆனாள். ஆண்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று, "ராத்திரி எந்த வாய்க்கால்ல சிங்கம் படுத்துச்சுன்னு உங்கள்ல யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும்," என்றாள். அத்தோடு பேச்சு நின்றது. நான் அதே காப்பகத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். ஆக, மனைவியாக வராதவள் எனக்கு மேலதிகாரியாக வந்து சேர்ந்தாள். என் அதிர்ஷ்டம் அப்படி.

எங்கள் கிணற்றடியில் ஒரு வழக்கம் உண்டு. எல்லா மந்தையும் குடித்து முடித்த பிறகு கடைசித் தொட்டியை நிரப்பி வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அது காட்டுக்கு. வறட்சியில் கிணறு வற்றினால் என் லாரித் தண்ணீரிலிருந்தாவது அந்தத் தொட்டிக்கு ஊற்றியாக வேண்டும். ஊற்றாமல் நான் வண்டியை எடுத்தால் தஹாபோ கண்ணில் விரலை விட்டு ஆட்டிவிடுவாள்.

அந்தத் தொட்டிதான் டாக்டர் வவின்யாவை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது. அதில் குடிக்க வரும் காட்டு விலங்குகளைப் பார்க்க வந்த ஆராய்ச்சிக்காரி. நைரோபியில் வேலை, ஊர் கிட்டுய். கம்பா ஜனம். எங்கள் மாடு அவர்கள் சோளத்தில் இறங்குவதும் அவர்கள் வில்லை எடுப்பதும் பாட்டன் காலத்து விவகாரம். அதனால் அவள் வந்து இறங்கிய முதல் நாளே தஹாபோ கேட்டாள்.

"என்ன டாக்டரம்மா, பழைய சோளத்துக்கு நியாயம் கேக்க வந்தியா?"

"இல்லக்கா. உங்க மாடு தின்ன சோளம் செரிச்சுப் போயிருக்கும். நான் ஒட்டகச்சிவிங்கி பாக்க வந்தேன்."

இருவருக்கும் அங்கேயே ஒத்துப்போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் இரண்டு வகைச் சிவிங்கி உண்டு. தானாவுக்கு அந்தப் பக்கத்தது வலைச் சிவிங்கி. வெள்ளைக் கயிற்றால் வலை பின்னிப் போர்த்தியது மாதிரி உடம்பில் கோடு நேராக ஓடும். கலானாப் பக்கத்தது இலைச் சிவிங்கி. அதன் திட்டெல்லாம் ஓரம் கிழிந்த இலையாக இருக்கும். நடுவில் வேலியில்லை, ஆறுகூடப் பாதி வருஷம் மணல்தான். இரண்டையும் ஒரே அடைப்புக்குள் விட்டால் சேர்ந்து குட்டி போடுமாம், வெளிநாட்டு விலங்குக்காட்சிச் சாலைகளில் போட்டிருக்கிறதாம். அப்படியிருக்க, காட்டில் மட்டும் அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது என்று ஏன் இருக்கின்றன? எங்கேயாவது கலந்திருக்கிறதா, இல்லையா? இதுதான் டாக்டரின் கேள்வி. இதைக் கண்டுபிடிக்க அவளிடம் ஒரு அம்பு இருந்தது. பாய்ந்து, தோலில் ஒரு துணுக்கைக் கிள்ளிக்கொண்டு, தானே கீழே விழுந்துவிடும். விழுந்த அம்பை முள்ளுக்குள் தேடி எடுப்பது எங்கள் வேலை. அந்தத் துணுக்கை வைத்து, எது எந்த வம்சம், எதற்கு எது தாய் என்று அவர்கள் சொல்லிவிடுவார்களாம்.

"இதுக்கு ஊசி அம்பெல்லாம் எதுக்கு?" என்றாள் தஹாபோ. "நான் சொல்றேன், எழுதிக்கோ."

அவள் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது, அந்த வறட்சி வரும் வரைக்கும்.

இரண்டு மழை பொய்த்தது. வலையும் இலையும் வேறு தண்ணீர் கிடைக்காமல் எங்கள் கடைசித் தொட்டிக்கே வந்தன. ஒரு காலை தொட்டியை நிரப்பிவிட்டு வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தோம். ஒற்றைக்கொம்பி வந்தாள். அவள் ஒரு இளம் வலைக்காரி, ஒரு கொம்பு பாதி உடைந்திருக்கும், சாதுவானவள். பின்னால் ஒரு குட்டி வந்தது. உடம்பு முழுக்க இலை. வந்தது, அவள் வயிற்றுக்கடியில் தலையை விட்டது, வாலை ஆட்டிக்கொண்டு பால் குடித்தது. அவளும் காலை அகட்டி நின்றாள்.

டாக்டர் தூரக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

"கலப்பு," என்றாள் தஹாபோ. "தாய் வலை, தகப்பன் இலை. நீ தேடிக்கிட்டு இருந்தது இதான் டாக்டரம்மா."

"நிச்சயமாக்கா? குட்டி வழி தவறி வந்திருந்தா?"

"பால் குடுக்குறாளே, கண்ணு தெரியலையா? பெறாத குட்டிக்கு எவ மடி குடுப்பா? என் பேர பணயம் வெக்கிறேன்."

நானும் ஆமாம் என்றேன். அங்கிருந்த எந்த ஓர்மாக்காரனைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பான். பசு மாற்றுக்கன்றை மடியில் சேர்க்காது, உதைத்துத் தள்ளும். கன்றை இழந்த பசுவிடம் இன்னொரு கன்றை விட வேண்டுமானால், செத்த கன்றின் தோலை இதன் முதுகில் போர்த்தி, நக்கவிட்டு, பாடி, ஏமாற்றி, நாங்கள் படுகிற பாடு எங்களுக்குத்தான் தெரியும். எனவே மடி கொடுப்பவள் பெற்றவள். பிறந்ததிலிருந்து மாட்டோடு கிடந்த எங்களுக்கு அதில் சந்தேகமே எழவில்லை. டாக்டர் அம்பை விட்டாள், இரண்டிலிருந்தும் துணுக்கு எடுத்தாள், அன்று மாலை எல்லாருக்கும் ஆட்டுக்கறி வாங்கிப்போட்டாள்.

துணுக்குகளைச் சோதித்த முடிவு வந்த நாள் டாக்டர் நேராகக் கிணற்றடிக்கே வந்தாள். மந்தைக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

"அக்கா, கலப்பு இல்ல. ஒற்றைக்கொம்பி சுத்தமான வலை. குட்டி சுத்தமான இலை. அவ அத பெறவே இல்ல."

தொட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் ஆரம்பித்தான்.

"யாருக்குத் தோணாம போனாலும் போகட்டும். ஹவோகிட்ட பால் குடிச்சு வளந்தவளுக்குமா தோணல?"

கிணற்றடியே சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். தஹாபோவின் மூக்கு அறுபட்டு நான் பார்த்ததே இல்லை. அவள் எங்கள் சிரிப்பு அடங்கும்வரை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தப்பாத்தான் சொன்னேன். மாட்ட பாத்த கண்ணால சிவிங்கிய பாத்துட்டேன். அதுக்கென்ன இப்ப, சட்டைய கிழிச்சுக்கணுமா? வாளிய எறக்குங்கடா."

அன்றைக்கே தனியாகத் தேடிப் போனாள். வறண்ட ஓடை ஒன்றில், கழுதைப்புலி தின்றது போக மீதியிருந்த தோலைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். இலைத் தோல். குட்டியின் தாய் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒற்றைக்கொம்பியின் சொந்தக் குட்டி என்னவானது என்று தெரியவில்லை. பிறந்த கொஞ்ச நாளில் சிங்கம் கொண்டுபோயிருக்கும் என்றாள். சிவிங்கிகளுக்குள் அடுத்தவள் குட்டிக்குப் பால் விடுவது வேறு இடங்களிலும் அபூர்வமாகப் பார்த்ததுண்டு என்று டாக்டர் சொன்னாள். ஆனால் ஒரு வகை இன்னொரு வகைக்கு இப்படி வயிறு நிறையக் கொடுத்து அவள் கேள்விப்பட்டதில்லை.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். தானாவுக்கு அந்தப் பக்கம் எங்கள் பங்காளிகள் ஒரு புதுக் காப்பகம் தொடங்கியிருந்தார்கள். அங்கே இருந்த சிவிங்கியெல்லாம் வேட்டையில் போய்விட்டன. கொஞ்சம் இளம் வலைக்காரிகளைப் பிடித்து அங்கே கொண்டு விட வேண்டும் என்று சபை வாக்குக் கொடுத்திருந்தது. தேர்ந்தெடுப்பது டாக்டரின் பொறுப்பு. கலப்பு எதுவும் போய்விடக் கூடாது என்பதில் அவள் கறார். கலப்புக் குட்டிக்குத் தாய் என்று ஒற்றைக்கொம்பியை ஒதுக்கி வைத்திருந்தாள். இப்போது அந்தத் தடை போய்விட்டது. இளம் பெண், சாது, தொட்டிக்குப் பழகியவள், துரத்தாமல் பிடிக்கலாம். டாக்டர் அவளைச் சேர்த்துவிட்டாள்.

"குட்டி?" என்றாள் தஹாபோ.

"அது இலைக்கா. வலை இருக்கற எடத்துக்கு இலைய எப்படி அனுப்ப? நாளைக்கு வளந்து அங்க ஜோடி கெடைக்காம எதோட சேரும்? நாம எந்தக் கலப்பு வேண்டாம்னு பாக்குறோமோ அத நாமளே பண்ணின மாதிரி ஆயிடும்."

"அப்ப ரெண்டும் இங்கயே இருக்கட்டும்."

"அவ பெத்த குட்டி இல்லையேக்கா. அது இலை திங்க ஆரம்பிச்சாச்சு, பொழச்சுக்கும்."

"எந்த இலைய? காட்டு பாப்போம். இந்தக் காட்டுல இருக்கற ஒரே இலை அது முதுகுல இருக்கறதுதான்."

டாக்டருக்குக் கோபம் வந்தது. அவள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. மழை விழுந்தால் கறுப்பு மண்ணில் லாரி நகராது. ஒற்றைக்கொம்பியை விட்டால் இன்னொரு இளம் வலைக்காரியைத் தேடிப்பிடிப்பதற்குள் மழை முந்திக்கொள்ளும், வேலை ஒரு வருஷம் தள்ளிப்போகும். தஹாபோ எதையும் காதில் வாங்கவில்லை. சபையைக் கூட்டச் சொல்லிவிட்டாள்.

அதே குடைவேல மரம். கல்கலோவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது, மற்றதெல்லாம் அப்படியேதான். டாக்டர் தன் கட்சியைச் சுருக்கமாகச் சொல்லி முடித்தாள். தஹாபோ எழுந்தாள்.

"அந்தக் குட்டி இப்ப உசுரோட நிக்கறது பாலால. லாரி போன மறுவாரம் அது செத்துப் போயிடும். ரெண்டையும் பிரிக்கக் கூடாது."

"பெத்தவ இல்லைன்னு டாக்டரம்மா சொல்லுதே," என்றார் ஒருவர். "நீதானம்மா பெத்தவன்னு சொல்லிப் பேர கெடுத்துக்கிட்ட. இப்ப மறுபடியும் தாயின்னு வந்து நிக்கற."

"பெத்தவன்னு சொன்னது தப்பு. தாயின்னு சொல்றது தப்பில்ல. பால் குடுத்தா தாய்தான். இந்த மரத்தடியில நீங்க சொன்னதுதானே அது?"

"அது மனுஷனுக்குச் சொன்னது. சிவிங்கிக்கும் சேத்து ஓதச் சொல்றியா?"

சிலர் சிரித்தார்கள். வாக்குக் கொடுத்தாயிற்று, பங்காளிகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று சிலர் முணுமுணுத்தார்கள். பாதிச் சபைக்கு மேல் டாக்டர் பக்கம் சாய்ந்துவிட்டது எனக்கே தெரிந்தது. தஹாபோவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவள் குரலை உயர்த்தவில்லை.

"நான் சட்டம் கேக்கல. ஒண்ணு மட்டும் கேக்கறேன். அந்த வறட்சியில யாராவது லாரிய கொண்டாந்து, இது உன் குழந்தை இல்லையேன்னு சொல்லி ஹவோவ ஏத்திக்கிட்டுப் போயிருந்தா, நான் இப்ப உங்க முன்னால நிப்பேனா?"

கல்கலோ தலையைத் திருப்பி, மங்கின கண்ணால் கூட்டத்தில் யாரையோ தேடினார்.

"பரிசா இருக்கானா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்து நின்றேன்.

"ஹவோ உன் ஆத்தா. அன்னைக்கு இதே எடத்துல நின்னு, பாலு என்ன அப்படிப் பெரிய உறவுன்னு கேட்டவன் நீதான். நாங்க உன் பேச்ச கேக்கல. இன்னைக்குக் கேக்கறேன், சொல்லு. பால் போதுமா?"

கிழவர் எதையும் மறப்பதில்லை. சபை முழுக்க என் பக்கம் திரும்பியது. போதாது என்று சொன்னால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, அன்றைக்குச் சொன்னதையே இன்றைக்கும் சொல்கிறான் என்றுதான் சொல்வார்கள். நான் இத்தனை வருஷமாக மனசுக்குள் நடத்திய வழக்கு அது. ஒவ்வொரு தடவை அவள் அண்ணே என்று கூப்பிட்டபோதும், போதாது, போதாது என்றுதான் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். போதும் என்று என் வாயால் சொல்லிவிட்டால் அந்த வழக்கு முடிந்துபோகும். எனக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

அப்போது ஒற்றைக்கொம்பி காலை அகட்டி நின்றது ஞாபகம் வந்தது. பெற்றதைப் பறிகொடுத்துவிட்டு, யார் குட்டி என்று கேட்காமல் நின்றாள். என் அம்மாவும் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து காய்ச்சலோடு அப்படித்தான் மார் கொடுத்திருப்பாள். அதை நான் என் கல்யாணத்தைக் கெடுத்த காரியமாகத்தான் இதுவரைக்கும் பார்த்திருக்கிறேன்.

"போதும்," என்றேன். கடைசி வரிசைக்கும் கேட்கட்டும் என்று மறுபடியும் சொன்னேன். "பால் போதும். பத்தாதுன்னா நான் இத்தனை வருஷம் சும்மாவா எரிஞ்சேன்? என் தங்கச்சி சொல்றது சரி. ரெண்டையும் பிரிக்காதீங்க."

தஹாபோ என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்து செருப்பைச் சரிசெய்தாள். அவள் தலை குனிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"முடிஞ்சுது," என்றார் கல்கலோ. "ஒற்றைக்கொம்பி இங்கயே இருக்கட்டும். பங்காளிக்கு வேற ஒண்ணக் குடுங்க."

டாக்டர் எழுந்து தஹாபோவிடம் வந்தாள்.

"சரிக்கா, நீங்க ஜெயிச்சீங்க. வேற ஒண்ண நான் எங்க போய்த் தேடுவேன்?"

"தேடவேண்டாம். நேத்தே பாத்து வெச்சுட்டேன். நாளைக்கு விடிஞ்சதும் கயிறோட வா."

அப்படிப்பட்டவள். மறுநாள் மயக்க அம்பு பட்டு ஓடிய வலைக்காரியைக் கயிறு போட்டுச் சாய்த்தபோது, ஓடிப்போய்க் கழுத்தில் முதலில் விழுந்து அழுத்தியதும், கண்ணைக் கட்டியதும், காதில் துணியை அடைத்ததும் அவள்தான். லாரி கிளம்பி இரண்டு நாளில் வானம் கறுத்தது.

மழை நன்றாகப் பெய்தது. காடு தளிர்த்தது. ஒற்றைக்கொம்பியும் இலைக்குட்டியும் கொஞ்ச நாள் சேர்ந்தே திரிந்தன. பால் குடிப்பது குறைந்தது, பிறகு நின்றது. அடுத்த மழைக்காலத்தில் வலைகள் தானாப் பக்கம் நகர்ந்தன, இலைகள் கலானாப் பக்கம் நகர்ந்தன. குட்டி என்ன செய்கிறது பார்ப்போம் என்று டாக்டரே நைரோபியிலிருந்து வந்து காத்துக்கிடந்தாள். மூன்று பேரும் என் லாரி மேல் ஏறி நின்று பார்த்தோம். தாயின் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட குட்டி அது, பெண். ஒற்றைக்கொம்பியின் கழுத்தில் ஒரு தடவை முகத்தைத் தேய்த்தது. பிறகு இலைகளுக்குப் பின்னால் தெற்கே நடந்தது. ஒற்றைக்கொம்பி அது மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வடக்கே போனாள்.

"யாரு சொல்லிக் குடுத்தா இதுக்கு?" என்றாள் டாக்டர். "வலைப்பால் குடிச்சு, வலையோடயே வளந்தது. அப்புறமும் தன் ஜாதி எதுன்னு எப்படித் தெரிஞ்சுது? மழ வர்ற நேரமா, வாசனையா, திட்டா, ஒண்ணும் புரியல."

"புரிஞ்சுட்டா உனக்கு வேலை போயிடுமே," என்றாள் தஹாபோ. டாக்டர் சிரித்துக்கொண்டே கூடாரத்துக்கு இறங்கிப் போனாள்.

நான் தொட்டியை நிரப்பக் குழாயை இழுத்துவிட்டேன். தஹாபோ தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் விழுகிற சத்தத்தில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இதுங்களுக்கு நல்லவேள, அஞ்சு தடவையா நாலு தடவையான்னு எண்ணிச் சொல்ல எவனும் இல்ல. தானா வெலகிப் போயிடுச்சுங்க. நீயும் அப்படித்தான், சுலபமா வெலகிட்ட. அடுத்த வாரமே அண்ணேன்னு கூப்புட்ட. அந்தக் கிணத்தடியில, அத்தன பேர் முன்னால."

தொட்டி பாதி நிறைந்தது.

"உன்ன சீண்டத்தான் கூப்புட்டேன்னு நெனச்சியா?"

"பின்ன?"

"எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்," என்றாள். "சத்தமா சொன்னாத்தான் எனக்கு மனசுல நிக்கும்னு இருந்துச்சு. இத்தன வருஷமா ஒவ்வொரு தடவயும் எனக்குத்தான் சொல்லிக்கிட்டேன்."

தண்ணீர் நிரம்பி விளிம்பைத் தாண்டி வழிந்தது, அவள் பாவாடை நனைந்தது, அவள் எழுந்திருக்கவில்லை. நான் போய்க் குழாயை மூடினேன்.